அடிச்ச அடியையே அடிப்பதா?
(ஆக்‌ஷன் கேம்களும் விமர்சகர் மார்க்கும்)



புது வீடியோ கேம் ஒன்று இன்றைக்கு 4,000, 5,000 ரூபாய். டிப்ளமோ படிக்கிற நமக்கு அது சின்னத் தொகை இல்லை. அதனால் நாலு பேர் சேர்ந்து காசு போட்டுத்தான் வாங்குகிறோம். நாலு பேர் சேர்ந்தால் சண்டை வராமல் இருக்குமா? எங்கள் அறையில் அந்தச் சண்டைக்கு ஒரு நீதிபதியை நியமித்திருக்கிறோம். அவர் பெயர் மெட்டாகிரிட்டிக். 75-ம் அதற்கு மேலும் என்றால் பச்சைக் கட்டம், வாங்கு. 74 என்றால் மஞ்சள் கட்டம், விடு. இந்தத் தீர்ப்பை எதிர்த்து நான் ஒருத்தன் மட்டும் இரண்டு வருஷமாக அப்பீல் செய்துகொண்டிருக்கிறேன். அறையில் எடுபடாத வாதம் மலரிலாவது எடுபடுகிறதா பார்ப்போம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

மார்க் குறைந்த ஆக்‌ஷன் கேம்களின் விமர்சனங்களைப் படித்தால் ஒரு குற்றச்சாட்டு அடிக்கடி கண்ணில் படும். சண்டை ஒரே மாதிரி இருக்கிறது, அடித்த அடியையே அடிக்க வேண்டியிருக்கிறது, சலிப்பு. 'ரிப்பீட்டிட்டிவ்' என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார்கள். என் வாதம் முழுக்க இந்த வார்த்தையைப் பற்றித்தான். இதற்குள் இரண்டு தனித்தனி விஷயங்கள் ஒளிந்திருக்கின்றன. ஒன்று, கை ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்வது. இன்னொன்று, மூளை ஒரே முடிவைத் திரும்பத் திரும்ப எடுப்பது. முதலாவது குறையே இல்லை. இரண்டாவதுதான் குறை. விமர்சகர்களில் பலர் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பி மார்க்கைக் குறைக்கிறார்கள். நாமும் அந்த மார்க்கை மட்டும் பார்த்து நல்ல கேமை விட்டுவிடுகிறோம்.

முஸ்தபாவும் முழங்கையும்

நம்ம ஊர்ப் பக்கமிருந்தே ஆரம்பிப்போம். 1990-களில் வீடியோ கேம் கடைகளில் காசு போட்டு விளையாடிய அண்ணன்மாரைக் கேளுங்கள், 'முஸ்தபா கேம்' என்பார்கள். அதன் நிஜப் பெயர் காடிலாக்ஸ் அண்டு டைனோசர்ஸ். ஜப்பானின் கேப்காம் கம்பெனி 1993-ல் வெளியிட்டது. மார்க் ஷூல்ட்ஸ் என்ற அமெரிக்கரின் காமிக்ஸ்தான் மூலக்கதை. ஆட்டக்காரர் எடுத்துக்கொள்ள நாலு பேர் உண்டு. நம்ம ஆட்கள் கண்ணை மூடிக்கொண்டு முஸ்தபாவை எடுத்தார்கள், கேமுக்கே அந்தப் பெயர் நிலைத்துவிட்டது!

அதில் இருப்பது ஒரு அடி பட்டன், ஒரு குதி பட்டன். ஓடிப்போய் ஒரு உதை. முதல் கட்டத்திலிருந்து கடைசிக் கட்டம் வரை கை செய்கிற வேலை அதுதான். ஆனால் அதை யாரும் சலிப்பு என்று சொல்லி நான் கேட்டதில்லை. ஏன் என்றால் கேள்வி மாறிக்கொண்டே இருக்கும். இரண்டு பக்கமும் ஆள் வருகிறான், எந்தப் பக்கம் முதலில்? துப்பாக்கியில் குண்டு கொஞ்சம்தான், இப்பவே சுடுவதா, பாஸ் வரும்வரை வைத்திருப்பதா? இரண்டு பட்டனையும் சேர்த்து அழுத்தினால் சுற்றி நிற்கிற எல்லாரும் விழுவார்கள், ஆனால் நம்ம உயிர்க்கோட்டிலிருந்தும் கொஞ்சம் போய்விடும். அழுத்தலாமா, வேண்டாமா? இந்த 'விலை கொடுத்துத் தப்பிக்கும்' அடியை கேப்காம் 1989-ல் வந்த ஃபைனல் ஃபைட்டிலேயே வைத்துவிட்டது. இரண்டு பட்டனில் இவ்வளவு யோசனை!

இதற்கு நேர் எதிரான ஆளையும் பார்த்துவிடலாம். 1987-ல் டெக்னோஸ் கம்பெனி வெளியிட்ட டபுள் டிராகன். தெருச்சண்டை கேம்களுக்கெல்லாம் அண்ணன். குத்து, உதை, தலைமுடியைப் பிடித்து முழங்காலால் இடிப்பது, தூக்கி எறிவது என்று அதில் அடிகள் ஏராளம். ஆனால் முழங்கையால் பின்பக்கம் இடிக்கிற ஒரே ஒரு அடி எல்லாரையும் சாய்த்துவிடும். அதைக் கண்டுபிடித்த நாளிலிருந்து மற்ற அடிகள் எல்லாம் அலங்காரம்தான். அடிகளின் எண்ணிக்கையைப் பார்த்தால் டபுள் டிராகன் பணக்காரன். முடிவெடுக்க வேண்டிய இடங்களை எண்ணினால் முஸ்தபாதான் பணக்காரன்.

நம்ம முதல் வருஷ ஃபிட்டிங் ஷாப்பை நினைத்துப் பாருங்கள். எம்.எஸ். பிளேட்டை வைஸில் பிடித்து அரம் போடுகிறோம். வாரக்கணக்கில் அதே தள்ளு, அதே இழு. வெளியிலிருந்து பார்க்கிறவனுக்கு இதைவிடச் சலிப்பான வேலை உலகத்தில் கிடையாது. ஆனால் ஒழுங்காகச் செய்கிறவன் நாலு இழுப்புக்கு ஒருமுறை டிரை ஸ்கொயரை வைத்து வெளிச்சத்தில் பார்ப்பான். எந்த மூலை மேடு? அழுத்தம் எங்கே கொடுக்கணும்? கை ஒன்றுதான், முடிவு ஒவ்வொரு முறையும் வேறு. இன்ஸ்ட்ரக்டர் வரும்போது மட்டும் அரத்தை எடுக்கிறவனுக்குத்தான் அது வெறும் தேய்ப்பு. (யாரையும் குறிப்பிடவில்லை, கோபிக்க வேண்டாம்!)

விமர்சகர்கள் சரியாகப் பிடித்த இடம்

விமர்சகர்கள் எப்போதும் தவறு என்று நான் சொல்லவில்லை. 2007-ல் வந்த முதல் அசாசின்ஸ் கிரீடை எடுத்துக்கொள்ளுங்கள். காலம் 1191, மூன்றாம் சிலுவைப் போர். டமாஸ்கஸ், ஜெருசலேம், ஏக்கர் என்று மூன்று ஊர்களைக் கட்டி எழுப்பியிருந்தார்கள். சுவர் ஏறுவதும் கூரை தாண்டுவதும் கண்கொள்ளாக் காட்சி. ஆனால் சண்டை? பத்துப் பேர் நம்மைச் சுற்றி வளைப்பார்கள். வளைத்துவிட்டு, கல்யாணப் பந்தியில் இலைக்குக் காத்திருப்பவர்கள் மாதிரி மரியாதையாக நிற்பார்கள்! பெரும்பாலும் ஒவ்வொருத்தராகத்தான் வருவார்கள். தடுப்பு பட்டனைப் பிடித்துக்கொண்டு, அவன் கை ஓங்கும் நேரத்தில் அடித்தால் எதிரடியில் அவன் காலி. அடுத்தவன் வருவான். அதே பதில். ஒன்பது பேரைத் தீர்த்துக்கட்ட வேண்டும், ஒவ்வொருவருக்கு முன்னாலும் ஒட்டுக்கேட்பது, பாக்கெட் அடிப்பது, சந்தில் தள்ளி நாலு சாத்தி விசாரிப்பது என்று அதே பட்டியல். இங்கே ஓடுவது கை மட்டும்தான், மூளைக்கு லீவு. விமர்சகர்கள் 'ரிப்பீட்டிட்டிவ்' என்றார்கள், சரியாகத்தான் சொன்னார்கள். கம்பெனியும் 2009-ல் வந்த இரண்டாம் பாகத்தில் பணிகளை நிறையவே மாற்றியது. விமர்சனத்தால் நல்லது நடக்கும் என்பதற்கு இது நல்ல உதாரணம்.

ஒரு விஷயத்தை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இவ்வளவு குறை சொல்லியும் அந்த முதல் பாகத்துக்குச் சராசரி மார்க் 80-க்கு மேல்தான். பச்சைக் கட்டம்!

லூ பூ வாசலில் நிற்கிறான்

இப்போது சலிப்புக்கே சக்கரவர்த்தி என்று பெயர் வாங்கிய டைனஸ்டி வாரியர்ஸுக்கு வருவோம். கோயி கம்பெனியின் ஒமேகா ஃபோர்ஸ் குழு செய்தது. 1997-ல் வந்த முதலாவது, இருவர் நேருக்கு நேர் மோதும் சாதாரணக் கேம். 2000-ல் பிளேஸ்டேஷன் 2-க்கு வந்த இரண்டாவதில்தான் ஆள் மாறிவிட்டான். ஒரு வீரன், எதிரே நூற்றுக்கணக்கில் படை. (ஜப்பானில் இதைப் புதுத் தொடராகக் கணக்கிட்டு ஒன்றிலிருந்து எண் போட்டார்கள். அதனால் நமக்கு 5 என்றால் அவர்களுக்கு 4. வாங்கும்போது குழம்ப வேண்டாம்.) கதை, சீனாவின் மூன்று ராஜ்யங்களின் காலத்துப் போர்கள்.

இதில் அடிப்பது எப்படி? சதுர பட்டன் சாதாரண வெட்டு. முக்கோண பட்டன் முடிக்கிற வெட்டு. சதுரத்தை எத்தனை தடவை அழுத்திவிட்டு முக்கோணத்துக்குப் போகிறோம் என்பதில் வித்தை. பெரும்பாலான வீரர்களுக்கு, இரண்டாவது இடத்தில் முக்கோணம் வந்தால் எதிரி மேலே பறப்பான், மூன்றாவது இடத்தில் வந்தால் தலைசுற்றி நிற்பான், நாலாவது இடத்தில் வந்தால் சுற்றியிருக்கிற கும்பலே சிதறும். அவ்வளவுதான். அரை மணி நேரத்தில் கற்றுக்கொள்ளலாம். அதைப் பார்த்துவிட்டு "ஒரே பட்டனை அமுக்கிக்கிட்டே இருக்கணும்" என்று எழுதினார்கள். வருஷா வருஷம் எழுதினார்கள்.

ஆனால் அந்த கேமில் சண்டை கத்தியில் இல்லை, வரைபடத்தில் இருக்கிறது. நாம் தெற்கு வாசலை உடைத்துக்கொண்டிருக்கும்போது, வடக்கே நம்ம தளபதி சூழப்பட்டார் என்று செய்தி வரும். அவர் விழுந்தால் ஆட்டமே முடிந்தது. ஓடுவதா, உடைப்பதை முடிப்பதா? போகும் வழியில் நம்ம படையின் ஊக்கம் குறைந்திருக்கிறது, அவர்களுக்குக் கைகொடுக்காமல் தாண்டிப்போனால் அந்த இடம் பறிபோகும். இங்கே கத்தி என்பது நேரத்தைச் செலவழிக்கிற கருவி. எந்த இடத்தில் எவ்வளவு நேரம் செலவழிக்கிறாய் என்பதுதான் கேள்வி. கத்தி சுலபமாக இருப்பதே, மூளை வரைபடத்துக்குப் போகட்டும் என்பதற்காகத்தான் என்று நான் நினைக்கிறேன்.

இதற்கு நடுவில் ஹூ லாவ் வாசல். அங்கே லூ பூ நிற்கிறான். அதுவரை அதே இரண்டு பட்டனால் நூறு, இருநூறு என்று சாய்த்து வந்த நமக்கு ஒரு மமதை வந்திருக்கும். லூ பூவிடம் போய் அதே சதுரத்தை அழுத்துவோம். நாலு அடியில் நம்ம கதை முடிந்துவிடும். அவனைத் துரத்தாதே என்று கேமே எச்சரிக்கிறது. முதல் தடவை விளையாடுகிறவன் கேட்பதில்லை! சாதாரணப் படைவீரர்கள் அவ்வளவு பலவீனமாக இருப்பதால்தான் லூ பூ லூ பூவாக இருக்கிறான். கும்பலை எல்லாம் கடினமாக்கியிருந்தால் அந்த வாசலுக்கு அர்த்தமே இல்லை.

சரி, தொடரின் மேல் தப்பே இல்லையா? இருக்கிறது. மஞ்சள் தலைப்பாகைக் கலகம், ஹூ லாவ், சிபி என்று அதே போர்களைப் பாகத்துக்குப் பாகம் திரும்ப விற்றார்கள். ஐந்து பாகம் வாங்கியவன் சலிப்பு என்றால் அவன் பக்கம் நியாயம் உண்டு. 2018-ல் வந்த 9-வது பாகத்தில் எல்லாவற்றையும் ஒரே பரந்த நிலத்தில் கொட்டினார்கள். போர்க்களங்களுக்கு நடுவே வெட்டவெளியில் குதிரை ஓட்டிக்கொண்டே போக வேண்டும். 'இங்கேயா, அங்கேயா' என்ற நெருக்கடி காணாமல் போனது. மிஞ்சியது வெறும் சதுர பட்டன். அதற்கு விமர்சகர்கள் போட்ட குறைந்த மார்க்கில் எனக்கு வருத்தமில்லை. வருத்தம் என்னவென்றால், நல்ல பாகங்களுக்கும் இதே வார்த்தையைத்தான் எழுதியிருந்தார்கள்.

இதற்கு நேர்மாறாக, 2020-ல் வந்த டூம் எட்டர்னல் கையை மாற்றச் சொல்லிக் கட்டாயப்படுத்துகிறது. குண்டு சீக்கிரம் தீரும்படி வேண்டுமென்றே வைத்திருக்கிறார்கள். செயின்சாவால் அறுத்தால் குண்டு கிடைக்கும், அடிபட்டுத் தள்ளாடும் பேயைக் கையால் முடித்தால் உயிர் கிடைக்கும், நெருப்பு வைத்து அடித்தால் கவசம் கிடைக்கும். எது குறைகிறதோ அதை நிரப்ப, அதற்கான வேலையைச் செய்தாக வேண்டும். கன்ட்ரோல் சிஸ்டம் படித்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, அசல் ஃபீட்பேக் லூப்! இதுவும் ஒரே சுற்றுத்தான், மணிக்கணக்கில் அதே மூன்று வேலைதான். ஆனாலும் யோசித்துக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது.

டாலரன்ஸ் போடாத டிராயிங்

இப்போது மார்க்குக்கு வருகிறேன். 2006-ல் கேப்காமின் குளோவர் ஸ்டுடியோவிலிருந்து காட் ஹேண்ட் என்ற கேம் வந்தது. டைரக்டர் ஷின்ஜி மிகாமி, ரெசிடென்ட் ஈவில் செய்தவர். தரையும் சுவரும் பழுப்பு, பின்னணி ஏழ்மை. ஆனால் சதுர பட்டனை அழுத்தினால் எந்த அடிக்குப் பின் எந்த அடி வர வேண்டும் என்று நாமே கோத்துக்கொள்ளலாம். நாம் நன்றாக ஆட ஆட, ஓரத்தில் ஒரு மானி ஏறும், எதிரிகள் கெட்டிக்காரர்கள் ஆவார்கள். நாம் அடி வாங்கினால் அது இறங்கும். ஐ.ஜி.என். அதற்குப் போட்ட மார்க் பத்துக்கு 3. ஆம், மூன்று! வேறு விமர்சகர்களோ அதை உயரத் தூக்கிவைத்துப் பாராட்டினார்கள். பின்னாட்களில் சண்டை கேம் பிரியர்கள் அதைத் தலையில் வைத்துக் கொண்டாடினார்கள். ஆனால் சராசரி 75-ஐத் தொடவில்லை. எங்கள் அறைச் சட்டப்படி அது மஞ்சள். மூளைக்கு லீவு கொடுத்த கேம் பச்சை, மூளையைப் பிழிகிற கேம் மஞ்சள். இதென்ன நியாயம்?

கணக்கைப் பாருங்கள். ஒரு கேமுக்கு நாலு பேர் 7, 7, 7, 7 போடுகிறார்கள். இன்னொன்றுக்கு 10, 10, 5, 3. இரண்டுக்கும் சராசரி 7. முதலாவது, யாரையும் ஏமாற்றாத, யாரும் ஞாபகம் வைத்துக்கொள்ளாத கேம். இரண்டாவது, சிலருக்கு உயிர், சிலருக்கு வேப்பங்காய். சராசரி இந்த வித்தியாசத்தை அழித்துவிடுகிறது. 25 மி.மீ. என்று மட்டும் எழுதி டாலரன்ஸ் போடாத டிராயிங்கை ஷாப்பில் யாராவது வாங்கிக்கொள்வார்களா? கேமுக்கு மட்டும் வாங்கிக்கொள்கிறோம். ஜப்பானின் ஃபாமிட்சு பத்திரிகை இதில் தேவலை. நாலு பேர், ஆளுக்குப் பத்து, மொத்தம் 40. கூட்டுத்தொகையோடு நாலு மார்க்கையும் தனித்தனியாக அச்சிடுவார்கள். யார் எங்கே இடறினார் என்று தெரியும்.

மெட்டாகிரிட்டிக் 2001-ல் ஆரம்பித்தது. அது போடுவது எளிய சராசரியும் அல்ல. சில பத்திரிகைகளுக்குக் கூடுதல் எடை, சிலவற்றுக்குக் குறைவு. எதற்கு எவ்வளவு என்பதை அவர்கள் வெளியிடுவதில்லை. இன்னொரு வேடிக்கை. சினிமாவுக்கு 61 வந்தாலே பச்சை. கேமுக்கு 75 வேண்டும். அதாவது 70 வாங்கிய படம் நல்ல படம், 70 வாங்கிய கேம் சுமார். நமக்குத் தியரியில் 40 வந்தால் பாஸ், கேம் பாவம் 75 எடுத்தாலொழிய ஹாஸ்டல் அறைக்குள் வர முடியவில்லை.

இது நம்ம 4,000 ரூபாயோடு நிற்கிற விஷயமும் இல்லை. 2010-ல் வந்த ஃபால்அவுட்: நியூ வேகாஸ் கேமைச் செய்த அப்சிடியன் ஸ்டுடியோவுக்கு, மெட்டாகிரிட்டிக்கில் 85 வந்தால் போனஸ் என்று ஒப்பந்தம். வந்தது 84. இதை 2012-ல் அந்த ஸ்டுடியோவைச் சேர்ந்த கிறிஸ் அவலோன் வெளியே சொன்னார். அது முழு ஆக்‌ஷன் கேம் அல்ல, அதில் பிழைகள் நிறைய இருந்ததும் உண்மை. இருந்தாலும் ஒரே ஒரு மார்க்! எங்கேயோ ஒரு விமர்சகர் களைத்துப்போய் 9-க்குப் பதில் 8 போட்டிருந்தால், இன்னொரு ஊரில் ஒரு தொழிலாளியின் வீட்டுக் கணக்கு மாறிவிடுகிறது.

களைப்பு என்று சும்மா சொல்லவில்லை. கேம் கடைக்கு வருவதற்கு முன்னாலேயே விமர்சகர் கைக்குப் பிரதி வரும். வெளியீட்டு நாளுக்குள் எழுதித் தர வேண்டும். 30 மணி நேர கேமை மூன்று நாலு நாளில் ஆடி முடிக்கிறார். நாம் அதையே ராத்திரிக்கு ஒரு மணி நேரமாக ஒரு மாதம் ஆடுகிறோம். அல்வாவைக் கால் கிலோ வாங்கித் தினம் ஒரு துண்டு சாப்பிடுகிறவனும், ஒரே உட்காரலில் மூன்று கிலோ சாப்பிடுகிறவனும் திகட்டலைப் பற்றி ஒரே கருத்தா சொல்வார்கள்? அவர் எழுதுவது பொய் அல்ல. அவருக்குத் திகட்டியது நிஜம். அந்தத் திகட்டல் நமக்கும் வருமா என்பதுதான் தெரியாது. எதிர்த்திசையிலும் இது நடக்கும். முதல் பத்து மணி நேரத்தின் பளபளப்பில் மயங்கி 9 போட்டுவிடுவார்கள், பதினைந்தாவது மணி நேரத்தில் வருகிற சலிப்பு வாங்கியவன் தலையில்.

அதனால் நான் விமர்சனத்தைப் படிக்கிறேன், மார்க்கைக் கடைசியில் பார்க்கிறேன். அதிக மார்க் போட்டவர் ஒருவர், குறைந்த மார்க் போட்டவர் ஒருவர், இரண்டு பேரையும் படிப்பேன். 'ரிப்பீட்டிட்டிவ்' என்று வந்தால் அங்கே நிறுத்தி, எது திரும்புகிறது என்று எழுதியிருக்கிறாரா என்று தேடுவேன். எதிரிகள் காத்திருக்கிறார்கள், எல்லாருக்கும் ஒரே அடி போதும் என்று எழுதியிருந்தால் நம்பிவிடுவேன். பட்டன் குறைவு, அடிகள் குறைவு என்று மட்டும் எழுதியிருந்தால் முஸ்தபாவை நினைத்துக்கொண்டு மேலே படிப்பேன்.

என் அறை நண்பர்களுக்கு ஒரு தகவல். 2025 ஜனவரியில் டைனஸ்டி வாரியர்ஸ்: ஆரிஜின்ஸ் வந்தது. பரந்த நிலத்தைக் கைவிட்டு, தனித்தனிப் போர்க்களங்களுக்குத் திரும்பிவிட்டார்கள். எதிரியின் அடியைச் சரியான நேரத்தில் தட்டிவிடுகிற வித்தையைச் சேர்த்திருக்கிறார்கள், படைகள் முன்னைவிடப் பெரிதாக ஒன்றோடொன்று மோதுகின்றன. 9-வது பாகத்தைவிட எவ்வளவோ நல்ல மார்க். விமர்சகர்கள் பலர் பாராட்டினார்கள். ஹூ லாவ் வாசலில் லூ பூ இதிலும் நிற்கிறான். சாதாரண வெட்டுக்கு இன்னும் அதே சதுரம்தான், முடிக்கிற வெட்டுக்கு அதே முக்கோணம்தான். அடுத்த செமஸ்டர் லீவில் என் பங்கு ஆயிரம் ரூபாய் தயார், மீதி மூன்று பேர் யார் யார் என்று சொல்லுங்கள்.